கட்டிலுக்கடியில் தூங்கிய டின்கள்

மதுரையில் நாங்கள் குடியிருந்த வளவில் எங்கள் வீட்டைத் தேடி வருகிறவர்களுக்குக் கதவு எண் தேவையில்லை, மூக்கு போதும். அப்பா சினிமா பேனர் எழுதுகிறவர். துணியில் வஜ்ரமும் ஜிங்க் ஒயிட்டும் பூசிக் காயவைத்து, கட்டம் போட்டு, லின்சீட் ஆயிலில் குழைத்த வர்ணத்தை டர்பன்டைன் விட்டு இளக்கி முகம் எழுதுவார். கடை போர்டு வந்தால் எனாமலும் தின்னரும். வேலை கொட்டகையில், சரக்கு மட்டும் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடும். கொட்டகையில் விட்டால் களவுபோகும் என்பது அவர் கட்சி.

1957இல் மெட்ராஸ் சித்ரா தியேட்டரில் ‘வணங்காமுடி’க்கு வைத்த சிவாஜி கட்அவுட்டைப் பற்றி அப்பா பேச ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும். இந்தத் தொழிலின் பழங்கதை பேசுகிற எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். அந்த வர்ணமெல்லாம் ராத்திரி யார் வீட்டில் கிடந்தது என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் கட்டிலுக்கடியில் கிடந்தது.

கட்டிலில் அப்பா. கீழே பாயில் அம்மா, நான், தம்பி. விடிந்தால் எங்கள் மூவருக்கும் தலை கனக்கும். அவருக்கு ஒன்றும் இராது. “உங்களுக்குப் பழக்கமில்ல” என்பார். “இன்னிக்கி ஒரு ராத்திரி நீங்க கீழ படுங்க” என்றாள் அம்மா. மறுநாள் காலையில் தைலப் புட்டியைத் தேடியது அப்பா.

டர்பன்டைன் ஆவி காற்றைவிட நாலு மடங்குக்கும் மேல் கனம். தின்னரில் இருக்கிற டொலுயீன் ஆவி மூன்று மடங்கு. சன்னல் சாத்திய அறையில் அது தரையோடு தங்கும். இதெல்லாம் நான் பின்னால் படித்தது. அம்மாவுக்குப் பாய் சொல்லிக்கொடுத்தது.

அன்றைக்கே டின்கள் மாடிப்படிக்கு அடியில், வெயில் விழாமல் காற்று ஓடுகிற மூலைக்குப் போயின. பம்ப் ஸ்டவ் பக்கம் அவற்றை அண்டவிடமாட்டாள். ஈரத்தில் அடி துருப்பிடித்து ஒழுகாமலிருக்க இரண்டு செங்கல். மூடியை உள்ளங்கையால் அடித்து இறுக்குவாள். நிறைந்த டின்னைவிட, பிரஷ் கழுவித் திறந்தே கிடக்கும் குவளைதான் வீட்டை நாறடிக்கிறது என்று கண்டுபிடித்ததும் அவள்தான். எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிப் போட்டால் சண்டை. கொடியில் ஒவ்வொன்றாக விரிக்க வேண்டும். லின்சீட் ஆயில் காயும்போது சூடு விடும், சுருட்டிய துணிக்குள் அது அடைந்து தானாகவே தீப்பற்றும். கொட்டகையில் ஒரு மூட்டை அப்படிப் புகைந்ததை அவள் பார்த்திருந்தாள்.

தின்னரைச் சோடா பாட்டிலில் ஊற்றிவைக்கும் வழக்கம் மட்டும் எல்லா ஆர்ட்டிஸ்ட் வீட்டிலும் இருந்தது. எதிர்வீட்டுப் பையன் தாகத்தில் ஒரு மடக்குக் குடித்துவிட்டான். பதறிப்போய் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைத்தார்கள். அதுதான் வினையானது. வாந்தியோடு மேலே வந்தது நுரையீரலுக்குள் இறங்கி, பிழைத்தவன் மாதக்கணக்கில் இருமினான். பிறகு எங்கள் வீட்டில் குடிக்கிற பாட்டில் எதிலும் தின்னர் இருந்ததில்லை.

நான் வக்கீல் குமாஸ்தாவான பிறகு 1934ஆம் வருடத்துப் பெட்ரோலியச் சட்டம் கைக்கு வந்தது. 23 டிகிரி வெப்பத்துக்குக் கீழேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும் சரக்கை, விற்பனைக்கில்லாமல், 30 லிட்டர் வரை லைசென்ஸ் இன்றி வைத்துக்கொள்ளலாம்; இறுக மூடிய கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடி 1 லிட்டருக்கு மிகக்கூடாது, உலோகப் பாத்திரம் 25 லிட்டருக்கு மிகக்கூடாது. கணக்கெல்லாம் சுத்தம். ஆனால் அந்தப் பிரிவுக்கு நெருப்புதான் பயம். பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இத்தாலிய வைத்தியர் ரமாசினி 1700இலேயே தொழில்நோய் நூலில் ஓவியர்களுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கி, நோஞ்சான்களாகவே அவர்களைப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறார். அவரும் தூரிகை பிடித்தவனைத்தான் பார்த்தார், பாயில் படுத்தவளை அல்ல.

ஃப்ளெக்ஸ் வந்து அப்பாவின் கையை ஓயவைத்தது. தம்பி அந்த மிஷினையே வாங்கினான். அதன் இங்க்கிலும் சால்வென்ட்தான். ஏசி போட்டுக் கதவைச் சாத்திய அறையில் பிரிண்ட் ஓடும். அம்மா கடைக்கு வந்தால் உள்ளே போகமாட்டாள். வாசல்படியில் உட்கார்ந்து, “டேய், அந்தக் கதவத் தொறந்து வைடா” என்பாள். ஏசி வீணாகிறது என்று அவன் முனகிக்கொண்டே திறப்பான். அவள் போனதும் சாத்திவிடுவான்.