ஆசிய உற்பத்தித்திறன் அமைப்பு: ஆட்சிமுறையும் நிதியும்

ஆசிய உற்பத்தித்திறன் அமைப்பு டோக்கியோவைத் தலைமையிடமாகக் கொண்ட, அரசுகள் சேர்ந்து நடத்தும் மண்டல அமைப்பு. 1961 மே 11 அன்று இந்தியா, ஜப்பான், தென்கொரியா, சீனக் குடியரசு (தைவான்), நேபாளம், பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய எட்டு உறுப்பினர்களுடன் செயல்படத் தொடங்கியது. இன்று அதன் உறுப்பினர் பட்டியலில் 21 பெயர்கள் உள்ளன. ஆலையிலும் வயலிலும் அலுவலகத்திலும் அதே உழைப்பையும் பொருளையும் கொண்டு கூடுதலாகவும் தரமாகவும் விளைவிக்கும் வழிகளை உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று கற்றுக்கொடுப்பதே அதன் பணி. கடன் கொடுப்பதோ ஆலை கட்டுவதோ அதன் வேலையல்ல. பயிற்சி, வல்லுநர் உதவி, ஆய்வு என்பவற்றோடு அது நின்றுகொள்கிறது. இவ்வளவு அடக்கமான ஓர் அமைப்பு அறுபது ஆண்டுகளுக்கு மேல் எப்படி நிலைத்தது என்பதை அறிய, அதன் பணம் எங்கிருந்து வருகிறது, அதை யார் கையாள்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

முன்னோடிகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உற்பத்தித்திறன் ஓர் இயக்கமாகவே பரவியது. 1948-இல் ஆங்கிலோ-அமெரிக்க உற்பத்தித்திறன் மன்றம் தோன்றியது. பிரிட்டிஷ் மேலாளர்களும் தொழிலாளர்களும் குழு குழுவாக அமெரிக்க ஆலைகளைப் பார்த்து வந்து அறிக்கை எழுதினார்கள். 1953-இல் பாரிஸில் ஐரோப்பிய உற்பத்தித்திறன் முகமை அமைந்தது. அதற்கு உயிர் கொடுத்தது பெரும்பாலும் அமெரிக்க உதவிப் பணம். அந்த ஆர்வம் தணிந்து, தாய் அமைப்பும் 1961-இல் பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பாக உருமாறியபோது முகமை கலைக்கப்பட்டது. பாரிஸில் கடை கட்டிய அதே ஆண்டில் டோக்கியோவில் கடை திறந்தார்கள். அந்நியப் பணத்தைப் பெரிதும் நம்பி நின்றதே ஐரோப்பிய முகமையின் பெரிய பலவீனம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஆசிய அமைப்பு அந்தப் பள்ளத்தில் விழாமல் தப்பியதற்கு அதன் கட்டமைப்பே காரணம்.

ஜப்பானில் 1955-இல் கோஹெய் கோஷி போன்றோரின் முயற்சியால் ஜப்பான் உற்பத்தித்திறன் மையம் நிறுவப்பட்டிருந்தது. வேலைவாய்ப்பைப் பெருக்குதல், தொழிலாளரும் நிர்வாகமும் கலந்து செயல்படுதல், பலனை நிர்வாகம், தொழிலாளர், நுகர்வோர் மூவரும் நியாயமாகப் பகிர்தல் என்ற மூன்று கொள்கைகளை அது முன்வைத்தது. இந்தியா 1958-இல் தேசிய உற்பத்தித்திறன் குழுவைத் தொடங்கி அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்புக்கும் அதில் இடம் கொடுத்தது. 1959-இல் டோக்கியோவில் கூடிய ஆசிய மாநாடு இத்தகைய தேசிய அமைப்புகளை ஒரு கூரையின் கீழ் கொண்டுவர முடிவெடுத்தது. உடன்படிக்கை 1961 ஏப்ரலில் மணிலாவில் உருவானது.

ஆட்சிக் கட்டமைப்பு

அமைப்பின் உச்ச அதிகாரம் ஆட்சிக்குழுவிடம் உள்ளது. ஒவ்வோர் உறுப்பு நாடும் அதற்கு ஓர் இயக்குநரை நியமிக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை கூடும் இக்குழு வரவுசெலவுத் திட்டத்தை ஏற்கிறது, பொதுச்செயலரை நியமிக்கிறது, புதிய உறுப்பினர்களைச் சேர்க்கிறது. இரண்டாவது உறுப்பு, ஒவ்வொரு நாட்டிலும் உள்ள தேசிய உற்பத்தித்திறன் நிறுவனம். இந்தியாவில் அது புது தில்லியில் இயங்கும் தேசிய உற்பத்தித்திறன் குழு. சென்னை அம்பத்தூரில் உள்ள டாக்டர் அம்பேத்கர் உற்பத்தித்திறன் நிறுவனம் அக்குழுவின் பயிற்சிக்கூடம். 1966-இல் சேர்ந்த இலங்கையில் இப்பொறுப்பு தேசிய உற்பத்தித்திறன் செயலகத்திடம் உள்ளது. இந்நிறுவனங்களின் தலைவர்கள் ஆண்டுதோறும் தனியே கூடி அடுத்துவரும் திட்டங்களைப் பேசி முடிக்கிறார்கள். மூன்றாவது உறுப்பு, டோக்கியோவின் புங்க்யோ வட்டாரத்தில் ஹோங்கோவில் இயங்கும் செயலகம். பொதுச்செயலரின் பதவிக்காலம் மூன்றாண்டு. 2013 முதல் ஜப்பானைச் சேர்ந்த மாரி அமானோவும், 2016-இல் தாய்லாந்தின் சாந்தி கனோக்தனாபோர்னும், 2019-இல் இந்தோனேசியாவின் மோக்தானும், 2022-இல் அதே நாட்டின் இந்திரா பிரதானா சிங்கவினாத்தாவும் அப்பொறுப்பை ஏற்றனர்.

பணமும் அதிகாரமும் ஒரே அளவில் பங்கிடப்படவில்லை. சந்தா மொத்த தேசிய வருமானத்தை ஒட்டி நிர்ணயிக்கப்படுகிறது. ஆட்சிக்குழுவிலோ நாட்டுக்கு ஓர் இருக்கைதான். ஜப்பான் கட்டும் தொகைக்கும் லாவோஸ் கட்டும் தொகைக்கும் ஒப்பே இல்லை, ஆனால் மேசையில் இரண்டுக்கும் ஒரே நாற்காலி. சிறிய நாடுகள் இந்த அமைப்பை விட்டு விலகாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாட்டைவிட வலுவான காரணம் தேட வேண்டியதில்லை.

உறுப்பினர் தகுதியும் நிதியைப் பாதிக்கிறது. ஆசிய-பசிபிக் பகுதிக்கான ஐ.நா. ஆணையத்தில் உறுப்பினராக இருப்பது தகுதியாக வைக்கப்பட்டது. 1971-இல் ஐ.நா.வில் இடம் இழந்த பின்னும் சீனக் குடியரசு இங்கே அதே பெயரில் தொடர்கிறது. அரசுகளுக்கிடையிலான அமைப்புகளில் இது அரிது. சீன மக்கள் குடியரசு உறுப்பினர் அல்ல. ஆகவே ஆசியாவின் மிகப்பெரிய பொருளாதாரம் சந்தாக் கணக்கிலேயே வரவில்லை, சுமையின் பெரும்பங்கு ஜப்பானின் தோளில் நின்றது. பிற ஆசியப் பொருளாதாரங்கள் வளர வளர, வருமானத்தை ஒட்டிய சூத்திரம் அந்தச் சுமையைப் படிப்படியாகப் பரவலாக்க இடம் தருகிறது.

நிதிமுறையும் மாற்றங்களும்

அமைப்பின் கணக்கு டாலரில் எழுதப்படுகிறது. அலுவலக வாடகை போன்ற டோக்கியோ செலவுகள் யென்னில். 1985-இல் ஏறக்குறைய 240 யென்னாக இருந்த ஒரு டாலர், 1995 ஏப்ரலில் 80 யென்னுக்கும் கீழே இறங்கியது. டாலரில் வரவும் யென்னில் செலவும் உள்ள எந்த அலுவலகத்துக்கும் இது பட்ஜெட்டைக் கடித்துத் தின்னும் மாற்றம். பல நாடுகள் சேர்ந்த அமைப்பில் சந்தாவை நினைத்தபோது உயர்த்தவும் முடியாது. எனவே செலவைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் சிக்கனம் என்ற அளவைத் தாண்டி, அமைப்பைத் தாங்கும் தூணாகவே ஆனது.

அந்தப் பகிர்வை ஒரு பயிற்சி அறிவிப்பிலேயே காணலாம். நோக்கம், இடம், நாள் எல்லாம் சொன்ன பிறகு, செலவுப் பகுதி மூன்றாகப் பிரிந்து நிற்கும்: நடத்தும் நாடு ஏற்பவை, பங்கேற்கும் நாடு ஏற்பவை, அமைப்பு ஏற்பவை. உள்ளூர் ஏற்பாடுகள் நடத்தும் நாட்டைச் சேர்ந்தவை. வெளிநாட்டு வல்லுநருக்கு ஆகும் செலவு அமைப்பின் கணக்கு. விமானக் கட்டணம் யாருடையது என்பது பங்கேற்பாளர் லாப நோக்குள்ள நிறுவனத்திலிருந்து வருகிறாரா, அரசு அலுவலகத்திலிருந்து வருகிறாரா என்பதைப் பொறுத்து மாறும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சிறு பட்டறை உரிமையாளர் டோக்கியோவுக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. அவர் பெயரைத் தேசிய உற்பத்தித்திறன் குழுதான் பரிந்துரைக்க வேண்டும். அமைப்பின் ஆட்சிமுறை முழுவதும் இந்தப் பரிந்துரையில் அடங்கியிருக்கிறது. செயலகம் சிறியதாகவே இருக்க முடிகிறது, தேசிய நிறுவனத்துக்கும் பொறுப்பு இருக்கிறது. ஆனால் தேசிய நிறுவனம் சுறுசுறுப்பாக இல்லாத நாட்டில் தகுதியானவருக்கு அறிவிப்பே போய்ச் சேராமல் போகும். இந்த ஆபத்துக்கு டோக்கியோவில் மருந்து இல்லை.

திட்டங்களை ஓராண்டுக்கு அல்லாமல் ஈராண்டுக்குச் சேர்த்து வகுத்து மதிப்பிடுவது மற்றோர் ஏற்பாடு. பல நாட்டினர் கூடும் கருத்தரங்குகளோடு, ஒரு நாட்டின் தேவைக்கென்றே தனித் திட்டங்களும் நடத்தப்படுகின்றன: வல்லுநர் அனுப்புதல், இரு தேசிய நிறுவனங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றல், மாதிரி ஆலைகளை உருவாக்கிக் காட்டுதல். தேசிய நிறுவனங்களை வலுப்படுத்திச் சிறு, நடுத்தரத் தொழில்களை வளர்ப்பது, புத்தாக்கத்தால் உற்பத்தித்திறனை உயர்த்துவது, பசுமை உற்பத்தித்திறனைப் பரப்புவது என்ற மூன்று திசைகளுக்குள் 2010-களில் பணிகள் ஒழுங்குபடுத்தப்பட்டன. இவற்றில் பசுமை உற்பத்தித்திறன் 1994-இலேயே தொடங்கிய திட்டம். எல்லாருக்கும் எல்லாம் என்று சிறு தொகையைத் தூவிவிடாமல் இருக்க இந்த வரம்பு தேவைப்பட்டது.

சிறப்பு மையங்கள் இன்னும் துணிச்சலான அடி. 2009-இல் சிங்கப்பூரில் வணிக மேன்மைக்கும், 2013-இல் தைவானில் பசுமை உற்பத்தித்திறனுக்கும், 2015-இல் பிலிப்பைன்ஸில் பொதுத்துறை உற்பத்தித்திறனுக்கும் மையங்கள் அமைந்தன. ஒரு துறையில் தேர்ந்த நாட்டு நிறுவனம் முன்னின்று நடத்த, மற்றவர்கள் அங்கே போய்க் கற்கிறார்கள். டோக்கியோவில் ஆள் சேர்த்துத் துறை துறையாக அலுவலகம் பெருக்கும் வழியை அமைப்பு தேர்ந்தெடுக்கவில்லை.

எத்தனை பேருக்குப் பயிற்சி என்ற கணக்கு, எவ்வளவு மாறியது என்ற கேள்விக்கு விடையாகாது. கெய்யோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2008 முதல் வெளியிடப்படும் உற்பத்தித்திறன் தரவுநூல் நாடுகளின் வளர்ச்சியை ஒரே அளவுகோலால் ஒப்பிட உதவுகிறது. ஆனால் ஒரு நாட்டின் உயர்வில் ஒரு பயிற்சிக்கு எவ்வளவு பங்கு என்று அது சொல்லாது. அந்தக் கணக்கைத் தேசிய நிறுவனங்கள்தான் ஆலைவாரியாகத் தொடர்ந்து எடுக்க வேண்டும்.

அண்மைக்காலம்

2020-இல் கொரோனா பரவியபோது விமானப் பயணத்தை மையமாகக் கொண்ட செலவுத் திட்டமே நிலைகுலைந்து, பயிற்சிகள் இணையவழிக்கு மாறின. அதே ஆண்டு துருக்கி உறுப்பினரானது. 2025-ஐ இலக்காக வைத்த தொலைநோக்கு, அனைவரையும் உள்ளடக்கிய, புத்தாக்கம் சார்ந்த உற்பத்தித்திறன் வளர்ச்சியை முன்வைத்தது. இணையவழியில் ஒரு வகுப்புக்கு வரும் ஆள் எண்ணிக்கை கூடும், செலவு குறையும். ஆனால் வேற்று நாட்டு ஆலைத் தளத்தில் நின்று இயந்திரங்களின் அடுக்கையும் ஆட்களின் நடமாட்டத்தையும் நேரில் பார்ப்பதற்குத் திரை ஈடாகாது. பயணத்துக்கு எவ்வளவு, திரைக்கு எவ்வளவு என்ற பங்கீட்டை ஆட்சிக்குழு ஒவ்வொரு திட்டக் காலத்துக்கும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.