தில்லையும் உப்பங்கழியும்

சிதம்பரத்துக்குத் தில்லையென்னும் பழம்பெயர் தில்லை மரத்தால் வந்ததென்பதை நம்மவர் அறிவர். ஆயினும் அம்மரத்தை இன்று ஊருக்குள் காண்பதரிது. கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரம் உப்பங்கழியிலன்றோ அது சுரபுன்னையோடு வளர்கின்றது! அது உவர்நிலத்து மரம்; அதன் பால் கண்ணிற்பட்டால் பார்வை கெடும். ஆகவே முற்காலத்தில் கழிக்காடு ஊரையடுத்தே பரந்திருக்கலாமென்று நாம் ஊகிக்கின்றோம். தில்லைவனம் என்றது வெறும் அலங்காரமன்று போலும்.

சென்ற நூற்றாண்டில் வனத்துறையார் இக்காட்டைக் கூறு கூறாய் முற்றும் வெட்டினர். வெட்டிய நிலம் வெயிலிற் காய்ந்து தாழ்ந்தது. புகுந்த ஓதநீர் வடியாது தேங்கி உப்பு மிக, விதை முளைக்கவில்லை. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வாய்க்கால் வெட்டி ஓதநீர் வந்து போக வழிசெய்த பின்னரே நட்ட கன்றுகள் பிடித்தன. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, இக்காட்டின் பின்னிருந்த சிற்றூர்கள் சில, திறந்த கரையிலிருந்தவற்றினும் குறைந்த சேதத்தோடு தப்பின.