வேப்பங்குச்சி முதல் பற்பசை வரை: நம்ம ஊர் பல் விளக்கிய கதை



"அந்தக் காலத்தில் வேப்பங்குச்சியில் பல் விளக்கினார்கள். தொண்ணூறு வயதிலும் கரும்பு கடித்தார்கள். பேஸ்ட் வந்தது, பல் போச்சு" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எனக்கும் மாதம் ஒருமுறையாவது வந்துவிடுகிறது. இதில் பாதி உண்மை, பாதி நம் ஆசை. எது உண்மை, எது ஆசை என்று தெரிந்துகொள்ள, பல் விளக்கிய வரலாற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் குச்சி. "ஆலும் வேலும்" என்று தொடங்கும் பழமொழியை ஆரம்பப் பள்ளியிலேயே படித்திருப்போம். ஆல் என்பது ஆலம் விழுது. வேல் என்பது வேலமரம். வைகைக் கரையிலும் கண்மாய்க் கரையிலும் காடாக வளர்ந்து நிற்கும் சீமைக்கருவேலம் இதில் சேராது. அது பிற்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த மரம். ஆல், வேல், வேம்பு மூன்றிலும் துவர்ப்போ கசப்போ இருக்கிறது. குச்சியின் நுனியைக் கடித்து மென்றால் நார் நாராகப் பிரியும். அதுவே பிரஷ். மெல்ல மெல்ல எச்சில் ஊறும். எச்சில்தான் இயற்கை நமக்குக் கொடுத்த வாய் கழுவும் மருந்து. ஆகவே குச்சி வேலை செய்தது உண்மைதான். ஆனால் பல்லின் உள்பக்கத்துக்கும், இரண்டு பல்லுக்கு நடுவில் உள்ள இடுக்குக்கும் குச்சி சரியாகப் போகாது.

அப்படியானால் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் பல் கெட்டியாக இருந்ததா? பழைய வீடுகளின் பரணில் தேடிப் பாருங்கள், கைக்கு அடக்கமான வெற்றிலை உரல் ஒன்று கிடைக்கும். பல் போன தாத்தாவும் பாட்டியும் வெற்றிலை பாக்கை இடித்துப் போட்டுக்கொள்வதற்காக இருந்தது அது. "பொக்கைவாய்" என்ற சொல்லும் சும்மா வந்துவிடவில்லை. வயதானால் பல் விழத்தான் செய்யும் என்று நம் முன்னோர் ஏற்றுக்கொண்டார்கள். காரணம் தெரியாததால் ஏற்றுக்கொண்டார்கள்.

பல்வலி மிகப் பழைய வலி. இன்றைய பாகிஸ்தானில் உள்ள மெஹர்கர் என்ற இடத்தில், 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களின் கடைவாய்ப் பற்களில் கல் முனையால் துளையிட்ட தடயம் கிடைத்திருக்கிறது. உலகெங்கும் மக்கள் பல்லுக்குள் பூச்சி இருப்பதாகவே நம்பினார்கள். நாமும் "பூச்சிப்பல்" என்றுதானே சொல்கிறோம்? கண்டங்கத்தரி விதையைச் சுட்டு அந்தப் புகையை வாயில் பிடித்தால் பூச்சி விழும் என்ற வைத்தியம் நம் கிராமங்களில் இருந்தது. பிரான்ஸ் நாட்டு மருத்துவர் பியர் ஃபோஷார் 1728-ல் எழுதிய நூலில் பூச்சிக் கதையை மறுத்தார். அதற்கு முன்பே, 1683-ல், ஹாலந்து நாட்டுத் துணி வியாபாரி லீவன்ஹோக் தன் பல் அழுக்கைச் சுரண்டி, தானே செய்த நுண்ணோக்கியில் பார்த்து, அதில் உயிர்கள் நெளிவதாக எழுதினார். 1890-ல் மில்லர் என்ற அமெரிக்கர் இரண்டையும் முடிச்சுப் போட்டார். வாயில் உள்ள கிருமிகள் நாம் சாப்பிடும் மாவையும் சர்க்கரையையும் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன, அந்த அமிலம் பல்லை அரிக்கிறது என்று விளக்கினார். சொத்தைப் பல்லின் கதை இவ்வளவுதான்.

இனி பொடிக்கு வருவோம். குச்சிக்கு அடுத்து நம் வீடுகளில் இருந்தவை உமிக்கரி, அடுப்புக்கரி, சாம்பல், உப்பு. சில வீடுகளில் செங்கல் பொடியும் உண்டு. தேய்த்தவுடன் பல் பளிச்சென்று தெரியும். ஆனால் சொரசொரப்பான பொடி அழுக்கோடு சேர்த்துப் பல்லின் மேல்பூச்சான எனாமலையும் தேய்த்துவிடும். நகம், முடி போல எனாமல் மறுபடி வளராது. தேய்ந்த பல்லில்தான் பல் கூச்சம் வருகிறது.

பிறகு கடைப் பல்பொடி வந்தது. இலங்கை வானொலியில் கோபால் பல்பொடி விளம்பரம் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அந்த ரோஸ் கலர் பொடியைத் தேய்த்தவர்களைவிடத் தின்றவர்கள் அதிகம் என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டீர்கள்! எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலை 1-ம் தேதி சத்துணவுத் திட்டம் தொடங்கியது. அந்த ஆட்சிக் காலத்தில்தான் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பல்பொடியும் வழங்கப்பட்டது. அப்போது கேலி பேசியவர்கள் உண்டு. ஆனால் ஏழைப் பிள்ளையின் பல்லும் அரசின் பொறுப்புதான் என்று சொன்ன திட்டம் அது. அதை மறந்துவிடக் கூடாது.

எல்லாப் பொடியும் நல்ல பொடியாக இருக்கவில்லை. சிலவற்றில் புகையிலை கலந்திருந்தது. தேய்த்தால் கொஞ்ச நேரம் வலி மரத்துப்போகும். அதனாலேயே அது பழக்கமாகிவிடும். 1992-ல் மத்திய அரசு பல்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதைத் தடை செய்தது. ஆனாலும் ஈறில் புகையிலை அடக்குவதும் மூக்குப்பொடி தேய்ப்பதும் இன்னும் முழுதாகப் போகவில்லை.

வெற்றிலையையும் பேசிவிடுவோம். நம் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, நமக்கெல்லாம் பெருமை. ஆபத்து வெற்றிலையால் இல்லை, அதற்குள் வைத்து மடிக்கும் பொருளால்தான். புகையிலை மட்டும்தான் கெடுதல் என்று நினைக்கிறோம். கொட்டைப்பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் அறிவித்தது. விசேஷ வீட்டில் தாம்பூலம் வாங்குவது வேறு, நாள் முழுக்கக் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பது வேறு.

அடுத்தது சர்க்கரை. என் பார்வையில் நம் பல்லைக் கெடுத்த பெரிய மாற்றம் இதுதான். காலையில் நீராகாரம் குடித்த ஊர் காபிக்கும் டீக்கும் மாறியது. இனிப்பு சாப்பிட்ட பிறகு சுமார் அரை மணி நேரம் வாயில் அமிலம் இருக்கும், பிறகு எச்சில் அதைச் சரிசெய்யும். எனவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பது முக்கியம். மத்தியானம் சாப்பாட்டோடு ஒரு லட்டு சாப்பிட்டால் ஒரு தடவை அமிலம். காலை முதல் இரவு வரை ஆறு டீ, நடுவில் பிஸ்கட், சாயங்காலம் ஜிகர்தண்டா என்றால் பல்லுக்கு ஓய்வே இல்லை. குற்றவாளி பேஸ்ட் இல்லை. பேஸ்ட் வந்த அதே காலத்தில்தான் இதுவும் வந்தது. நாம் பழியைப் பேஸ்ட் மேல் போட்டுவிட்டோம்.

தண்ணீருக்கும் பங்கு உண்டு. 1937-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில், குடிநீரில் ஃப்ளோரைடு மிகுந்ததால் பல்லும் எலும்பும் கெடுவதை ஷார்ட் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் ஆராய்ந்து எழுதினார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளின் பழுப்புப் பல்லுக்கும் காரணம் இதுதான். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. நமக்குப் பக்கத்தில் திண்டுக்கல் மாவட்டத்திலும் சில ஊர்களின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இந்தச் சிக்கல் உண்டு. இந்தக் கறை தேய்த்தால் போகாது. அந்தப் பிள்ளையை "பல் விளக்காதவன்" என்று வகுப்பில் யாரும் கேலி செய்ய விடக்கூடாது. அதே ஃப்ளோரைடு சிறிய அளவில் பற்பசையில் இருந்தால் எனாமலைக் கெட்டிப்படுத்துகிறது. அளவுதான் மருந்தா விஷமா என்பதைத் தீர்மானிக்கிறது.

ஈறு நோயை யாரும் கண்டுகொள்வதில்லை, ஏனென்றால் வலிக்காது. பல்லின் ஓரத்தில் படியும் வழவழப்பான அழுக்கை எடுக்காமல் விட்டால் அது இறுகிக் காரையாகிவிடும். ஈறு வீங்கும், ரத்தம் வரும். ரத்தத்தைப் பார்த்துப் பயந்து அந்த இடத்தைத் தேய்க்காமல் விடுகிறோம். அழுக்கு இன்னும் சேருகிறது. கடைசியில் சொத்தையே இல்லாத பல் ஆடி விழுகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது சீக்கிரம் வரும். ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு 1953-ல் தொடங்கியது. இன்று மதுரையிலேயே பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அரசு இராசாசி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. ஆனாலும் தாங்க முடியாத வலி வந்த பிறகுதான் போகிறோம். வரலாறு போதும், செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன்.

1. காலையில் ஒரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை, இரண்டு நிமிடம் பல் விளக்குங்கள். இரண்டில் இரவுதான் முக்கியம். தூங்கும்போது எச்சில் குறைந்துவிடும்.

2. மென்மையான பிரஷ், ஃப்ளோரைடு உள்ள பற்பசை. மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு. விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

3. வேப்பங்குச்சி பிடித்தால் தாராளமாக மெல்லுங்கள். அதோடு பிரஷ்ஷையும் விடாதீர்கள். கரி, செங்கல் பொடி வேண்டாம்.

4. ஈறில் ரத்தம் வந்தால் தேய்ப்பதை நிறுத்தாதீர்கள். மென்மையாகத் தேய்த்து மருத்துவரைப் பாருங்கள். காரை எடுத்தால் பல் ஆடிவிடும் என்பது வீண் பயம். காரை கெடுத்து வைத்த ஈறுதான் ஆட்டத்துக்குக் காரணம்.

5. பால் புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையைத் தூங்க வைக்காதீர்கள்.

6. வாயில் இரண்டு வாரம் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் திறக்க முடியாமை இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

7. அரசுப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் மருத்துவக் குழு பல்லையும் பார்க்கும். அன்றைக்குப் பிள்ளையை லீவு போட விடாதீர்கள்.

முக்கியமான ஒன்று. ஆறு வயதில், பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். பல பெற்றோர் அதையும் பால்பல் என்று நினைத்து, "விழுந்து முளைக்கப் போறதுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். அது ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய பல். ஒன்றாம் வகுப்பில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பலருக்கு, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால், அந்தப் பல்தான் கறுத்திருக்கும். வலிக்கிற பிள்ளைக்கு வாய்ப்பாடு ஏறாது.

இன்று இரவு உங்கள் வீட்டுப் பேரன் பேத்தியை வெளிச்சத்தில் நிற்க வைத்து, அந்தக் கடைசிப் பல்லை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.