ஆயா சம்பளம் யார் கணக்கில்?

போன வாரம் இங்கே அமெரிக்காவில் வரிப் படிவம் நிரப்பிக்கிட்டிருந்தேன். டேகேருக்குக் கட்டியதில் ஒரு குழந்தைக்கு 3,000 டாலர் வரைதான் கணக்கில் சேருமாம். எங்களுக்கு அது ரெண்டு மாசத்துக்குத்தான் காணும். இது எங்கே ஆரம்பிச்சதுன்னு தேடப் போய், 1939-ல் நின்னேன்.

ஸ்மித்னு ஒரு தம்பதி. ரெண்டு பேருக்கும் வேலை. குழந்தையைப் பார்த்துக்க ஆள் இல்லாவிட்டால் மனைவி சம்பாதிக்கவே முடியாது, அதனால் ஆயா சம்பளத்தைத் தொழில் செலவா கழிக்கணும்னு கேட்டாங்க. வரி மேல்முறையீட்டு வாரியம் மறுத்தது. பிள்ளை வளர்ப்பு சொந்த விஷயமாம். இதை விட்டால் சட்டைக்கும் டாக்டர் ஃபீஸுக்கும் கழிவு கேட்பீங்களாம். கிளையண்ட்டுக்கு வாங்கித் தர்ற டின்னர் மட்டும் தொழில் செலவு!

கவனிச்சீங்களா, கழிச்சது மனைவியின் சம்பளத்திலிருந்து. எங்க வீட்டிலும் அதே கணக்குதான். "நான் வேலையை விட்டா எவ்வளவு மிச்சம்?"னு அவள்தான் கேட்கிறாள். நான் ஒருதடவைகூடக் கேட்டதில்லை.

1954-ல் 600 டாலர் வரை கழிவு தந்தாங்க. ஆனா தம்பதியின் கூட்டு வருமானம் 4,500 டாலரைத் தாண்டினால் அது குறையும், 5,100-ல் பூஜ்யம். மனைவியை இழந்த ஆணுக்கு அந்த வருமான வரம்பே கிடையாது.

1976-ல் கழிவு போய், வரியிலேயே நேரடியா குறைகிற கிரெடிட் வந்தது. ஒரு குழந்தைக்கு அதிகபட்சம் 400 டாலர். இப்போதைய 3,000 வரம்பு 2003-லிருந்து இருக்கு. 2021-ல் மட்டும் 8,000 ஆச்சு. அடுத்த வருஷமே பழையபடி 3,000.