அறிதிறன் பயிற்சி, முதுமையில்

நினைவு, கவனம், பகுத்தறிதல் முதலிய மனத்திறன்களை வகுத்த முறைப்படி திரும்பத் திரும்பப் பழக்குவது அறிதிறன் பயிற்சி. முதியோரில் ‘இலேசான அறிதிறன் குறைபாடு’ உடையோருக்காகவே இது பெரிதும் ஆராயப்படுகிறது. இக்குறைபாடு வயதோடு வரும் இயல்பான மறதிக்கும் டிமென்ஷியா என்னும் மறதிநோய்க்கும் இடைப்பட்ட நிலை. சோதித்துப் பார்த்தால் நினைவோ வேறொரு திறனோ வயதுக்கு உரிய அளவைவிடக் குறைந்திருக்கும். ஆயினும் சமையல், வரவுசெலவு, கடைக்குப் போய்வருதல் போன்ற அன்றாட வேலைகளை அவரே பார்த்துக்கொள்வார். அமெரிக்க நரம்பியல் கழகம் 2018இல் தொகுத்த கணக்கின்படி 60 முதல் 64 வயதினரில் 6.7 விழுக்காட்டினருக்கும், 80 முதல் 84 வயதினரில் 25.2 விழுக்காட்டினருக்கும் இந்நிலை உண்டு.

பெயரும் வகைப்பாடும்

இந்த இடைநிலைக்கு நிலையான ஒரு பெயர் அமைய ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன. தொடக்கம் வி. ஏ. கிரால் என்னும் உளமருத்துவரிடம் இருக்கிறது. செக் நாட்டவரான இவர் நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமில் அடைபட்டு உயிர்மீண்டவர். போருக்குப் பின் கனடாவில் குடியேறி, மாண்ட்ரியாலில் முதியோரை ஆராய்ந்தார். 1962இல் எழுதிய கட்டுரையில் முதுமை மறதியைத் தீங்கற்றது, தீங்கானது என்று இரண்டாகப் பிரித்தார். ஒரு திருமணத்துக்குப் போய்வந்தது நினைவிருந்து, மாப்பிள்ளையின் பெயர் மட்டும் நாவில் வராமல் நிற்பது முதல் வகை. திருமணத்துக்குப் போனதே நினைவில் இல்லாதது இரண்டாம் வகை. முதல் வகையினர் தம் மறதியை உணர்ந்திருந்தனர். சொல் கிடைக்காதபோது சுற்றிவளைத்துச் சொல்லி ஈடுகட்டினர் என்றும் கிரால் குறித்தார். பயிற்சியின் நோக்கில் இந்தக் குறிப்பு முக்கியமானது. தன் குறையை அறிந்து ஈடுகட்ட முயல்பவருக்கு உத்திகளைக் கற்பிப்பது எளிது.

1982இல் நியூயார்க்கைச் சேர்ந்த பேரி ரைஸ்பெர்க் அறிதிறன் சரிவை ஏழு படிகளாக வகுத்தார். அதன் மூன்றாம் படிதான் பின்னர் ‘இலேசான அறிதிறன் குறைபாடு’ என்ற பெயர் பெற்றது. 1986இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் குழுவொன்று ‘வயதுசார் நினைவுக் குறைபாடு’ என்ற வகையை முன்வைத்தது. ஐம்பது வயதைக் கடந்தவரின் மதிப்பெண்ணை இளைஞரின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்ட இந்த அளவுகோல், நலமாக இருந்த முதியோரையும் பெருமளவில் உள்ளே இழுத்துவிட்டது, அதனால் நிலைக்கவில்லை. 1990களில் கனடிய ஆய்வாளர்கள் ‘மறதிநோயல்லாத அறிதிறன் குறைபாடு’ என்று வேறொரு பெயர் வைத்தனர்.

இன்று வழங்கும் இலக்கணத்தைத் தந்தவர் மினசோட்டாவின் மேயோ மருத்துவமனை நரம்பியலர் ரானல்டு பீட்டர்சன். 1999இல் அவர் குழு ஐந்து நிபந்தனைகளை வகுத்தது: நினைவு குறைகிறது என்ற முறையீடு, வயதுக்கு ஒவ்வாத நினைவுக் குறைவு, பொது அறிதிறன் இயல்பாயிருத்தல், அன்றாடச் செயல்கள் கெடாதிருத்தல், மறதிநோய் இல்லாமை. இவ்வாறு இனங்கண்ட 76 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது ஆண்டுக்கு ஏறத்தாழ 12 விழுக்காட்டினர் மறதிநோய்க்கு நகர்ந்தனர். நலமான முதியோரில் இது ஒன்றிரண்டு விழுக்காடே. 2003இல் ஸ்டாக்ஹோமில் கூடிய வல்லுநர்கள் இதனை நான்கு கிளைகளாக விரித்தனர். நினைவு பாதித்தது, பாதிக்காதது என்பது ஒரு பிரிவு. ஒரு திறன் மட்டும் குறைந்தது, பல திறன்கள் குறைந்தது என்பது மற்றொன்று. 2013இல் அமெரிக்க உளமருத்துவக் கழகக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இதையே ‘இலேசான நரம்பறிதிறன் கோளாறு’ என்றது. பயிற்சி தருவோருக்கு ஸ்டாக்ஹோம் வகைப்பாடே பயன்மிக்கது. எந்தத் திறனுக்கு எந்தப் பயிற்சி என்று அதைக்கொண்டு முடிவுசெய்யலாம்.

பயிற்சி முறைகள்

பிரிட்டனின் லிண்டா கிளேர், பாப் வுட்ஸ் இருவரும் இத்துறையில் மூன்றை வேறுபடுத்தினர். குழுவாகக் கூடிப் பேசி, ஆடி, நினைவுகூர்வது அறிதிறன் தூண்டல். குறிப்பிட்ட திறனைப் பழக்குவது பயிற்சி. ஒருவரின் வீட்டுத் தேவைக்கேற்ப வழிவகை செய்வது மறுவாழ்வு. நடைமுறையில் மூன்றும் கலந்தே வருகின்றன.

பெருஞ்சோதனைகளுள் முதலில் வைக்கத்தக்கது அமெரிக்காவின் ‘ஆக்டிவ்’. ஆறு மையங்களில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேர் பங்கேற்றனர். நினைவு, பகுத்தறிதல், பார்வைவழி விரைந்து உணர்தல் என்ற மூன்றில் ஒவ்வொன்றிலும் ஒரு குழுவுக்குப் பத்து அமர்வுகள். நான்காம் குழுவுக்குப் பயிற்சி இல்லை. 2002இல் வெளியான முடிவில் விரைவுப் பயிற்சி பெற்றோரில் 87, பகுத்தறிதலில் 74, நினைவில் 26 விழுக்காட்டினர் தாம் பழகிய திறனில் தெளிவாக முன்னேறினர். இவர்களில் நினைவு முன்பே குன்றியிருந்தவர்களைத் தனியே ஆராய்ந்து 2007இல் எழுதினர். நினைவுப் பயிற்சி அவர்களுக்குப் பலன் தரவில்லை. மற்ற இரண்டும் பிறருக்கு உதவிய அளவே அவர்களுக்கும் உதவின.

அந்த ஏமாற்றத்துக்கு மாண்ட்ரியாலின் சில்வி பெல்வில் விடை தந்தார். குறைபாடு உடையோருக்கென்றே அமைத்த அவரது திட்டத்தில் சிறு குழுவாக வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம், எட்டு வாரம் கற்பிப்பர். முகத்தையும் பெயரையும் ஒரு மனப்படத்தால் பிணைப்பது, வாங்கவேண்டிய பொருள்களைப் பழகிய வீட்டின் வாசல், கூடம், அடுக்களை என்று வரிசையாக வைத்து மனத்தால் நடந்து எடுப்பது, படித்ததைக் கேள்வி கேட்டு நினைவில் நிறுத்திக்கொள்வது ஆகியவை பாடங்கள். இரண்டாவது முறை பழங்கிரேக்கரின் நினைவுக் கலை. 145 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட சோதனையில், பயிற்சி பெற்றோரின் நினைவு மேம்பட்டது. ஆறு மாதம் கழித்தும் அது நிலைத்தது. அவர்கள் இந்த உத்திகளை வீட்டிலும் கையாண்டனர் என்பதே பெரிய செய்தி.

மேயோ மருத்துவமனையின் நாட்குறிப்பு முறை இன்னும் எளிது. நேரம் குறித்த வேலைகள், நேரம் குறிக்காத வேலைகள், அன்று நடந்தவை என மூன்று பகுதி கொண்ட சிறு குறிப்பேட்டை எப்போதும் உடன் வைத்திருக்கவும், பார்க்கவும், எழுதவும் நோயரையும் துணைவரையும் சேர்த்தே பழக்குகிறார்கள்.

பயன்

பழகிய திறன் வளரும். பழகாத திறனுக்கு அது சிறிதே பரவும். கணினிவழிப் பயிற்சி பற்றிய 17 சோதனைகளை 2017இல் தொகுத்தபோது, இக்குறைபாடு உடையோரிடம் சிறிய முதல் நடுத்தர அளவு பயன் தெரிந்தது. 2019இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு கடுமையான அளவுகோலோடு எட்டுச் சோதனைகளை, 660 பேரை, மட்டுமே ஏற்று, ஆதாரத்தின் தரம் தாழ்ந்தது என்றது. இப்பயிற்சி மறதிநோயைத் தடுக்கும் என்பதற்கு அங்கே சான்று கிடைக்கவில்லை. 2022இல் நியூயார்க்கிலும் டர்ஹமிலும் 107 பேரை 78 வாரம் கவனித்த ஆய்வில், கணினி விளையாட்டைவிடக் குறுக்கெழுத்துப் புதிரே மேலான பலன் தந்தது. விற்பனைக்கு வரும் மூளை விளையாட்டுகளின் வாக்குறுதிகளை நம்பிப் பணம் கட்டத் தேவையில்லை. ‘லுமாசிட்டி’ என்னும் மூளை விளையாட்டை விற்ற நிறுவனம் போதிய சான்றின்றி விளம்பரம் செய்ததாக அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றஞ்சாட்ட, 2016இல் அது 20 லட்சம் டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது.

இன்றைய நிலை

2018ஆம் ஆண்டின் அமெரிக்க நரம்பியல் கழக வழிகாட்டி அறிதிறன் பயிற்சியைப் பரிந்துரைக்கலாம் என்கிறது. வாரம் இருமுறை உடற்பயிற்சியை அதைவிட வலுவாகப் பரிந்துரைக்கிறது. பி12 குறைவு, தைராய்டுக் கோளாறு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவற்றாலும் இதே அறிகுறிகள் தோன்றும். ஆகவே மருத்துவச் சோதனை முதலில், பயிற்சி பிறகு. இந்தியாவில் 60 வயது கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதிநோய் உள்ளதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. இங்கே முதியோரில் பலர் பள்ளிக்குப் போகாதவர்கள். படித்து நினைவில் நிறுத்தும் பாடம் அவர்களுக்கு உதவாது. வீட்டின் அறைகளையும் தெரிந்த முகங்களையும் கொண்டு பழக்கும் முறையே பொருந்தும்.