மோரிஸ் மைனருக்குத் தகடு அடித்தவர்கள்

பழைய கார்களைப் புதுப்பிப்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். கடையில் கிடைக்காத பாகத்தை ஒருவர் சொல்லிச் செய்விக்கிறார் என்றால், பழமை மேல் பிரியமும் கையில் தாராளமாகக் காசும் உள்ளவர் என்று முடிவுகட்டிவிடுகிறோம். மோரிஸ் மைனரின் கதை இந்த முடிவோடு ஒத்துப்போவதில்லை. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்தச் சின்னக் கார், 16 லட்சத்துக்கும் மேல் விற்று, 1970களின் தொடக்கத்தில் நின்றுபோனது. அதன் பாகங்களைத் திரும்பச் செய்யும் தொழில் தழைத்ததில் பிரியத்தைவிடச் சிக்கனத்துக்கும் பற்றாக்குறைக்கும்தான் பங்கு அதிகம். 1976இல் இங்கிலாந்தின் பாத் நகரில் மைனருக்கென்றே ஒரு பட்டறையைத் தொடங்கிய சார்லஸ் வேர் முன்வைத்ததும் பழமையின் பெருமை அல்ல, வரவு செலவுக் கணக்கு. புதுக் கார் வாங்கியவருக்கு ஆண்டுதோறும் மதிப்புக் குறைந்து போகும் பணத்தைவிட, ஒரு மைனரைப் பழுதுபார்த்துக்கொண்டே ஓட்டுவதற்கு ஆகும் பணம் குறைவு என்றார் அவர்.

அந்தக் கணக்கு நிற்க வேண்டுமானால் பாகம் கிடைக்க வேண்டும். இங்கேதான் டை என்கிற அச்சு குறுக்கே வருகிறது. ஒரு மட்கார்டைப் பிரெஸ்ஸில் அடித்தெடுக்கத் தேவையான இரும்பு டை விலை அதிகம். ஆயிரக்கணக்கான தகடுகள் விற்றால்தான் அது கட்டுப்படியாகும். ஆகவே உற்பத்தி நின்ற ஒரு காரின் ஆயுள், அதன் டைகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதைப் பொறுத்தது. எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காருக்கு அதிர்ஷ்டம் இருந்தது. 1980இல் ஆபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகும் அதன் டைகளைத் தேடிச் சேர்க்க முடிந்ததால், பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988இல் அதே டைகளைக் கொண்டு முழு உடற்கூட்டையே புதிதாகச் செய்து விற்றது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசைக்கு வேறுவகை யோகம். பிறந்த ஊரில் சில ஆண்டுகளே விற்ற அந்தக் கார், கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசடராகி 2014 வரை வந்துகொண்டிருந்தது. மைனருக்கு இந்த இரண்டும் வாய்க்கவில்லை. தகட்டைக் கையால் அடிப்பது மிஞ்சிய வழிகளில் ஒன்று.

கையால் அடிப்பவர்கள் இலங்கையில் இருந்தார்கள். 1960களிலிருந்தே அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் அங்கே வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970க்கும் 1977க்கும் இடையில் பிடி இன்னும் இறுகியது. துருப்பிடித்த மைனரைத் தள்ளிவிட்டு வேறு வாங்க வழியில்லாதபோது, கராஜில் தகடு வெட்டி ஒட்டித்தான் ஆக வேண்டும். வடக்கில் இது இன்னும் கடுமை. 1990இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை விழுந்தபின், யாழ்ப்பாணத்தில் ஆஸ்டின் ஏ40களும் மைனர்களும் கார்புரேட்டரில் சில துளி பெட்ரோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின. அழுத்த விகிதம் குறைந்த அந்தப் பழைய எஞ்சின்கள் அதைத் தாங்கின. ஓட்ட வைப்பது வேறு, அசலைப் போலவே ஒரு பாகத்தைச் செய்வது வேறு என்று இங்கே ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானதுதான். ஆனால் இந்த இரண்டு வேலைக்கும் வேண்டிய கை ஒன்றே. 1990களில் சார்லஸ் வேர் இலங்கைக் கூட்டாளியோடு சேர்ந்து மைனர் பாகங்கள் செய்யும் தொழிற்கூடத்தை அங்கே தொடங்கியதற்குக் குறைந்த கூலி ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கூலி குறைந்த நாடுகள் எத்தனையோ இருந்தன. மைனரின் ஒவ்வொரு வளைவும் பழகிப்போன நாடுகள் அத்தனை இல்லை.

கையால் அடித்த தகடு அசலாகுமா என்பது அடுத்த கேள்வி. மைனரின் பானட்டைப் பார்த்தாலே பதில் பாதி கிடைத்துவிடும். கார் ஒல்லியாகத் தெரிகிறது என்று பட்டதும் இஸிகோனிஸ் மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, பாதிகளை நகர்த்திப் பார்த்து, நடுவில் 4 அங்குலம் சேர்த்தார். அதற்குள் பம்பர்கள் தயாராகிவிட்டிருந்தன. எனவே அவற்றையும் வெட்டி நடுவில் ஒரு துண்டு வைத்தார்கள். பானட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டையும் அந்த 4 அங்குலத்தின் தழும்புதான். நாம் அசல் என்று கொண்டாடுவதே ஒரு ஒட்டுவேலை! தகடுகள் சரியாகப் பொருந்தாது, தட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது என்ற குறையும் உண்மை. அந்தக் காலத்துத் தொழிற்சாலைகளிலும் மூட்டுகளில் ஈயத்தை உருக்கி நிரப்பி அரத்தால் ராவித்தான் உடற்கூட்டை முடித்தார்கள். எதைப் புதிதாகச் செய்தோம் என்று பாகத்திலேயே பொறித்துவிட்டால் வரலாற்றுக்கு மோசமில்லை. பொறிக்காமல் அசல் விலைக்கு விற்பதுதான் மோசடி.

உயிர் சம்பந்தப்பட்ட பாகங்களில் மட்டும் இந்தச் சமாதானங்களை நான் ஏற்கமாட்டேன். மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு, டிரன்னியன் என்ற கீழ் மூட்டுக்குள் மறையால் திருகி நிற்கிறது. கிரீஸ் வற்றி மறை தேய்ந்தால் தண்டு பிடுங்கிக்கொண்டு சக்கரம் மடிந்துவிடும். மட்கார்டில் ஒரு நூல் பிசகினால் கண்ணுக்குத்தான் உறுத்தும். டிரன்னியனைச் செய்கிறவர் உலோகத்தின் தரத்திலும் மறையின் அளவிலும் பிசக முடியாது. வாங்குகிறவரும் விலையைக் கேட்பதற்கு முன்னால் இந்த இரண்டையும் கேட்க வேண்டும்.