மன்னார் வளைகுடாத் தீவுகள்: கடல்வளக் காப்பின் வரலாறு

மன்னார் வளைகுடாத் தீவுகள் என்பவை இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டக் கரைகளை ஒட்டிப் பாம்பன் முதல் தூத்துக்குடி வரை வரிசையாக அமைந்த 21 பவளத் தீவுகள் ஆகும். மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாக இவற்றைப் பிரிப்பர். மனிதர் நிலையாகக் குடியிருக்காத இத்தீவுகளைச் சுற்றிய ஆழமற்ற கடலில்தான் பவளப்பாறைகளும் கடற்புல் தரைகளும் உள்ளன. மீன்கள் குஞ்சு பொரித்து வளர்வதும், ஆவுளியா எனப்படும் கடற்பசு மேய்வதும் அங்கேதான்.

இக்கடலில் எதை, எப்போது, எவ்வளவு எடுக்கலாம் என்ற கேள்வி புதியதன்று. கொற்கை முத்து சங்க காலத்திலேயே புகழ்பெற்றது. பிற்காலத்தில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என மாறி மாறி வந்தவர்கள் முத்துச் சலாபத்தைத் தம் கையில் வைத்திருந்தனர். ஆங்கிலேயர் காலத்து நடைமுறையை மாணவர்கள் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். சிப்பி விளையும் கடலடித் தளத்துக்குப் 'பார்' என்று பெயர். குளிகாரரை இறக்கி மாதிரிச் சிப்பிகளை எடுப்பார்கள். சிப்பிகள் முதிர்ந்திருந்தால்தான் சலாபம் அறிவிக்கப்படும்; இல்லையேல் அந்த ஆண்டு பார் மூடியே கிடக்கும். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசின் அக்கறை வருமானத்தில்தான் இருந்தது, கடலில் இல்லை என்பது என் கருத்து. ஆனால் இளஞ்சிப்பிக்கு வளர நேரம் கிடைத்தது. பசிபிக் தீவு நாடான பலாவில் ஊர்த்தலைவர்கள் 'புல்' என்ற பெயரில் சில மீன்பிடி இடங்களைச் சில காலம் மூடிவைக்கும் மரபும் ஏறத்தாழ இதைப் போன்றதே.

விதி இருந்தும் முத்து நிலைக்கவில்லை. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதன்பின் சலாபம் நடத்தும் அளவுக்குப் பார்கள் தேறவில்லை.

சங்குக்கு வேறொரு முறை இருந்தது. துளையிட்ட அளவுகோலில் நுழைந்து விழும் சிறு சங்கை உயிரோடு கடலில் விட்டுவிட வேண்டும். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோர்னெல் 1914இல் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். இச்சங்குகளில் பெரும்பகுதி வளையல் செய்ய வங்காளத்துக்குப் போயின. கடலே இல்லாத எங்கள் ஐயம்பேட்டையில் கோயிலிலும் சாவு வீட்டிலும் சங்கு ஊதுகிறோம். அது எந்தக் கடலில் விளைந்தது என்று வகுப்பில் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

பவளத்துக்கு இப்படி எந்த அளவுகோலும் இருக்கவில்லை. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் வண்டி வண்டியாக வெட்டி எடுத்தார்கள். பவளப்பாறை அலையின் வேகத்தைத் தணிக்கும் அரண். அது போனதும் மணல் அரிந்தது. தூத்துக்குடித் தொகுதியின் விலாங்குசல்லியும் கீழக்கரைத் தொகுதியின் பூவரசன்பட்டியும் நீரில் மூழ்கிவிட்டன. 21 என்று நாம் எண்ணும் கணக்கில் இவ்விரண்டும் சேர்ந்தே இருக்கின்றன! 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. வெட்டுவது ஏறத்தாழ நிற்க மேலும் சில ஆண்டுகள் ஆயின. அழியும் நிலையிலிருந்த வான் தீவைக் காக்க 2015 முதல் அதன் அருகே செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன.

தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த 560 சதுர கிலோமீட்டர் பரப்பும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் என அறிவிக்கப்பட்டது. இதற்கு முன்பே, 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைல் வரையுள்ள பகுதியை நாட்டுப்படகுக்கு என ஒதுக்கியிருந்தது. 2001இல் தொடங்கிய 45 நாள் மீன்பிடித் தடைக்காலம் 2017இல் 61 நாளாக நீண்டது.

பூங்கா அறிவிப்பின் சுமை யார் தலையில் விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தலைமுறைகளாகத் தீவோரத்தில் மூழ்கிப் பாசி எடுத்த பெண்கள் சட்டத்தின் பார்வையில் அத்துமீறுவோர் ஆனார்கள். பாறை கீறாதிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மரிக்கொழுந்து, கட்டைக்கோரை என்று பெயர் சொல்லிப் பாசியைப் பிரித்தறியும் பெண்கள் இவர்கள். கண்காணிப்பு இறுகியபோது பிழைப்பே கேள்விக்குறியானது. அப்போது அவர்கள் தமக்குத்தாமே விதி வகுத்துக்கொண்டார்கள்: மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது, பாறையைச் சுரண்டும் கருவிகளைத் தொடாமல் கையால் மட்டும் பறிப்பது, தடைக்காலத்தில் சிறிது காலம் அடியோடு நிறுத்துவது. அவர்களின் தலைவியரில் ஒருவரான பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்மணிக்கு 2015இல் சீகாலஜி விருது வழங்கப்பட்டது. அதற்கு முன், 2008இல், வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாபைக்கஸ் என்ற அயல்நாட்டுப் பாசி குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருந்தார்கள். வளர்ப்புக்கு வந்த பாசி பவளத்தின் மேல் ஏறியது. கையால் பாசி பறித்தவர்களோ பூங்காவின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள்.